படைவீரர்களின் நினைவுப் பொருள்களுக்கு வட சென்னையில் நிலையான இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் முன்னாள் படைவீரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் உள்ள இரண்டு அறைகளில் நடத்திவரும் சிறிய இராணுவ வரலாற்றுக் காட்சியகம், அந்த இடத்தை விரைவில் காலி செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இருக்கிறார். அது அவருடைய உரிமை. இத்தனை காலம் குறைந்த வாடகைக்கு இடம் கொடுத்ததற்காக அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வேறு இடம் அமையாவிட்டால், பொருள்களையெல்லாம் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகிகள் மனம் தளர்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படித் திருப்பிக் கொடுத்தால் சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை இல்லாமலே போய்விடும் என்பதையும், வட சென்னைக்குள்ளேயே அவற்றுக்கு நிலையான ஓர் இடம் தேவை என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசுக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தகப்பனார் இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா போர்முனையில் பணியாற்றியவர். அவருடைய பதக்கங்களை ஒப்படைக்கச் சென்றபோது, காட்சியகத்துக்கு வந்து சேரும் பொருள்களுக்கு ஒழுங்கான பதிவேடு எழுத ஆளில்லை என்று சொன்னார்கள். அந்தப் பணியை ஏற்றுக்கொண்டு இன்றுவரை செய்துவருகிறேன். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்தப் பதிவேட்டை எழுதியதால் எனக்குத் தெரியவந்தவை.

இராணுவக் காட்சியகம் என்றதும் பீரங்கியையும் துப்பாக்கியையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. இங்கே அவை கிடையாது. ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்ட எந்தப் பொருளையும் வாங்குவதில்லை என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. வாசலை ஒட்டி ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் படை எண், பதவி, பெயர், இறங்க வேண்டிய ரயில் நிலையம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. பதவியின் மீது கறுப்பு மையைப் பூசி, ‘நாயக்’ என்றிருந்ததை ‘ஹவில்தார்’ என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பழைய எழுத்தும் மங்கலாகத் தெரியும். உள்ளே கம்பளி கலந்த அங்கோலாத் துணிச் சட்டை, கம்பளி ஜெர்சி, மெஸ் டின் எனப்படும் அலுமினியச் சாப்பாட்டுப் பாத்திரம், விளிம்பு சிதைந்த எனாமல் குவளை, ஊசியும் நூலும் பித்தானும் வைத்த சிறு துணிப்பை, அந்துருண்டை முடிந்த கைக்குட்டை, ஒரு கட்டு இன்லண்ட் கடிதங்கள். அந்தக் கடிதங்கள் எதிலும் ஊர்ப்பெயர் இல்லை. அனுப்புநர் முகவரியில் படை எண்ணும் பிரிவின் பெயரும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற இராணுவ அஞ்சலக எண்ணும் மட்டுமே இருக்கும்; அது ‘99 ஏ.பி.ஓ.’ என்று மாறும்போது, ஆள் வடகிழக்குப் பக்கம் போயிருக்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் தாமாகப் புரிந்துகொண்டார்கள். மணியார்டர் வந்ததா, தங்கைக்கு வரன் பார்த்தீர்களா, மழையில் சுவர் இடிந்ததைக் கட்டினீர்களா என்று கேட்கும் அந்தக் கடிதங்கள் லடாக்கிலிருந்தா, இன்று அருணாச்சலப் பிரதேசமாக உள்ள நேஃபாவிலிருந்தா, எந்தப் பனியில் உட்கார்ந்து எழுதப்பட்டன என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே இடத்தையும் பருவத்தையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டோம்.

நான் வலியுறுத்த விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொருளை மட்டும் பாதுகாத்தால் போதாது. அதை யார், எந்தப் பிரிவில், எந்த ஆண்டு, எங்கே பயன்படுத்தினார், அது எப்படி வீட்டுக்கு வந்தது, இதையெல்லாம் சொன்னவர் யார் என்ற குறிப்பும் சேர்ந்தே இருந்தால்தான் அது வரலாறு. மேலே சொன்ன மெஸ் டின்னைப் போன்ற ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிவிடலாம். 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் தண்ணீர் வண்டி ஓட்டிய ஓட்டுநர் ஒருவர், சாப்பிடவும் முகம் கழுவவும் வண்டியின் ரேடியேட்டருக்கு நீர் ஊற்றவும் இந்த ஒரே பாத்திரத்தைத்தான் வைத்திருந்தார் என்ற நான்கு வரிக் குறிப்பு அதனுடன் இருப்பதால், பார்க்க வரும் எட்டாம் வகுப்பு மாணவன் அதன் முன் நிற்கிறான். குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் பொருள் ஒரு பக்கமும் குறிப்பு ஒரு பக்கமும் போய்விடும். அடுத்த தலைமுறையில் வீடு மாற்றும்போது பாத்திரம் பழைய சாமான்காரரிடம் போகும். பதிவேடு யாருடைய அலமாரியிலாவது கரையானுக்கு இரையாகும்.

பதக்கங்களின் கதி இதைவிட மோசம். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. போர்முனைக்குக் கூலி வேலை செய்யச் சென்ற தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்தார்கள் என்பதும் பதிவுசெய்ய வேண்டிய செய்தி. அதன் விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, பெயர் மறந்துபோன கொள்ளுத்தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதை இன்றும் தேடத் தொடங்கலாம். ஆனால், சௌகார்பேட்டையில் வெள்ளி வியாபாரம் எங்கள் வீடுகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. வெள்ளி விலை ஏறிய காலங்களில் எத்தனை பதக்கங்கள் எடை போடப்பட்டு உருக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. உருக்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பசியும் கடனும் இருந்த வீட்டில், எடுத்துப் பார்க்க யாரும் இல்லாத ஒரு வெள்ளி வில்லையை விற்காமல் வைத்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? மதிப்பு என்னவென்று சொல்லக்கூடிய ஓர் இடம் பக்கத்தில் இருந்திருந்தால் சிலராவது அங்கே கொண்டுவந்திருப்பார்கள். பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளிலும் வேறொரு சேதம் நடக்கிறது: ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாலிஷ் போட்டுத் தேய்ப்பதால் விளிம்பிலுள்ள எழுத்து ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகிறது. பளபளப்பு வந்துவிடும், பெயர் போய்விடும்.

இந்தக் காட்சியகம் வட சென்னையில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது சற்று நீளமானது. நகரின் இந்தப் பகுதி போருக்கு அந்நியமானது அன்று. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டதையும், பின்னர் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் ஓரம்வரை வந்ததையும் பார்த்த கிழக்கிந்தியக் கும்பினியார், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் ஒரு துண்டு இன்றும் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. வால்டாக்ஸ் சாலை, கிளைவ் பேட்டரி, பெரம்பூர் பாரக்ஸ் சாலை, பட்டாளம் என்று நாம் தினமும் பேருந்தில் சொல்லி இறங்கும் இடங்கள் எல்லாம் அந்தக் காலத்து இராணுவ அமைப்பின் எச்சங்கள். கோட்டையிலிருந்த சிப்பாய்களுக்குக் குடிநீர் போனது ஏழுகிணற்றிலிருந்து. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியபோது பற்றி எரிந்தவை துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அந்த நெருப்பின் வெளிச்சத்தில் மூட்டைமுடிச்சுகளுடன் வெளியேறியவர்களில் இப்பகுதி மக்கள் நிறையப் பேர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவார்கள் என்ற அச்சத்தில் நகரமே ஏறத்தாழக் காலியானபோதும், துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்குத்தான் முதல் ஆபத்து என்று எல்லோரும் அஞ்சினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னை மீது குண்டு போட்டது.

உழைப்பாலும் இப்பகுதி மக்கள் படைகளோடு பிணைந்திருந்தார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் நெய்த காக்கித் துணி படையினரின் சீருடையாகப் போனது. அந்தத் தறிகளில் நின்றவர்கள் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் குடியிருந்தவர்கள். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதிகாலை ரயிலைப் பிடித்து அங்கே வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருக்களில் இருந்தார்கள். சீருடையைத் தைத்த ஆவடித் தொழிற்சாலையிலும் அப்படித்தான். எங்கள் காட்சியகத்தில் கம்பியில் மாட்டியிருக்கும் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில், மில் தொழிலாளியின் அடையாள வில்லையும் வைக்கப்பட்டிருக்கிறது. உடுத்தியவரின் வரலாறும் நெய்தவரின் வரலாறும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது நிர்வாகிகளின் கருத்து. வேறெந்த இராணுவக் காட்சியகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. அவர்களுடைய முடிவுகளில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன்.

புனித ஜார்ஜ் கோட்டையிலேயே அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே கொடுத்துவிடலாமே என்று பலர் ஆலோசனை சொல்கிறார்கள். 1948 முதல் இயங்கிவரும் அந்த அருங்காட்சியகத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியை அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சென்றதுண்டு. ஆனால், அது கும்பினியின் வரலாற்றையும் ஆளுநர்களின் காலத்தையும் மையமாகக் கொண்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாற்றுக்கு வெலிங்டனும், 1780-இல் உருவான மதராஸ் சாப்பர்ஸின் வரலாற்றுக்குப் பெங்களூருவும் இருக்கின்றன. அவை படைப்பிரிவின் பெருமையைச் சொல்கின்றன, சொல்லவும் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மீது தம் உடலைச் சாய்த்து உயிர்நீத்ததும், அவர் மறைவுக்குப் பின் பிரிட்டனின் உயரிய வீரதீர விருதான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டதும் அங்கே போற்றப்படுவது நியாயம். எங்கள் பகுதியிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பதக்கம் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் சப்ளைப் பிரிவில் வண்டி ஓட்டினார்கள். பயனியர் படையில் சாலை போட்டார்கள். சிக்னல்ஸில் கம்பி இழுத்தார்கள். கப்பலின் எஞ்சின் அறையில் நின்றார்கள். லங்கர் எனப்படும் படைச் சமையற்கூடத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்தார்கள். பெரிய அருங்காட்சியகத்தின் கிடங்கில் அவர்களுடைய பொருள்கள் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கும். டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் கற்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவை உயிர்நீத்தவர்களுக்கு உரியவை. உயிரோடு திரும்பி வந்து, வங்கி வாசலில் காவலாளியாகவும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் மீதி வாழ்நாளைக் கழித்தவர்களை நினைவில் வைக்க வேண்டியது அவர்கள் வாழ்ந்த தெருவின் கடமை.

இரண்டாம் உலகப் போர் பற்றிய அலமாரியைக் குறித்து இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தகப்பனாரின் 1939-45 ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் அதில் இருக்கின்றன. முதலாவதின் நாடாவில் கருநீலம், சிவப்பு, இளநீலம் என்று கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றுக்கும் மூன்று பட்டைகள். இரண்டாவதில் நடுவே அகலமான சிவப்புப் பட்டையும் இருபுறமும் நீலமும், நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும். அதே தட்டில், ஒரு சாண் இடைவெளியில், வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் கொடுத்த இந்திய தேசிய இராணுவத்தின் தொப்பிச் சின்னம் இருக்கிறது. அதை அணிந்தவர் ரங்கூனில் பிறந்து வளர்ந்து, 1943-இல் நேதாஜி தலைமையேற்ற பின் அப்படையில் சேர்ந்தவர். 1964-க்குப் பிறகு பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, கையில் கொண்டுவரக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிச் சென்னைக்கு வந்த பல்லாயிரம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நகை நட்டைக்கூட விட்டுவிட்டு வர நேர்ந்த பயணத்தில் அந்தச் சின்னத்தைச் சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்ததாக அவருடைய மகள் சொல்லி, நான் எழுதிக்கொண்டேன். சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் 1972-இல் வந்தபோது அவர் போட்ட விண்ணப்பத்தின் நகலும் அதனுடன் இருக்கிறது.

பர்மா போர்முனையில் என் தகப்பனாரும் அவரும் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள். ஒருவர் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்துக்காகப் பாலம் கட்டினார். மற்றவர் அந்த இராணுவத்தை வெல்வதற்காக இம்பால் நோக்கி நடந்தார். இருவரும் தமிழில்தான் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். இருவரும் கடைசிக் காலத்தில் வட சென்னையில், ஒருவரையொருவர் அறியாமல், சில கிலோமீட்டர் தூரத்தில் வாழ்ந்து மறைந்தார்கள். ஒருவரின் பதக்கங்களையும் மற்றவரின் சின்னத்தையும் ஒரே கண்ணாடிக்குள் வைக்கலாமா என்று தயங்கியவர்களிடம், வைத்தே ஆக வேண்டும் என்று வாதாடியவள் நான். எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்வது அலமாரியின் வேலையன்று. பதினெட்டு இருபது வயதில் இரு இளைஞர்கள் தத்தமக்குக் கிடைத்த வழியில் போனார்கள் என்பதை உள்ளபடி காட்டுவது அதன் வேலை. படைப்பிரிவு நடத்தும் அருங்காட்சியகத்தில் இவை இரண்டும் அருகருகே அமைவது கடினம்.

இதைவிடக் கடினமான அலமாரி ஒன்றும் உண்டு. 1987 ஜூலையில் ஏற்பட்ட ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் நம் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் படையின் கடைசி அணிகள் கப்பலில் வந்து இறங்கியது நம்முடைய துறைமுகத்தில்தான். அவர்களை வரவேற்பதா வேண்டாமா என்பதே அன்று பெரும் அரசியல் சர்ச்சையானது. அந்த அலமாரியில் ஒரு வீரரின் நாட்குறிப்பும் சில புகைப்படங்களும் இருக்கின்றன. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்களும் எங்கள் காட்சியகத்துக்கு வருகிறார்கள்; அவர்களுக்கு அந்த ஆண்டுகள் வேறு விதமாக நினைவில் இருக்கின்றன. ஆகையால் அந்த அலமாரிக்கான விளக்கக் குறிப்பை எழுதும்போது நிர்வாகிகளிடையே நீண்ட விவாதம் நடந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போன தமிழ் வீரர் தம் மொழியே பேசும் மக்களின் ஊர்களில் துப்பாக்கியோடு நின்ற வேதனையும், அங்கிருந்த குடிமக்கள் பட்ட துயரமும், இரண்டும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றிருக்கின்றன. அப்படி எழுத வேண்டும் என்று முதலில் சொன்னவர் அந்த நாட்குறிப்பை எழுதிய முன்னாள் வீரர்தான். இந்த நேர்மை எந்த அரசு விழாவின் மேடையிலும் வாய்க்காது. பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு சிறிய இடத்தில்தான் வாய்க்கும்.

இப்படிப்பட்ட இடங்கள் பிள்ளைகளுக்குப் போர் ஆசையை ஊட்டிவிடும் என்று அஞ்சுபவர்களையும் நான் அறிவேன். அவர்களை ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் அதிக நேரம் நிற்பது பதக்கத்தின் முன்பு அல்ல. புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்தில் செய்து கொடுக்கப்பட்ட ஒரு செயற்கைக் காலின் முன்பு. தொடையில் கட்டும் தோல்வார் வியர்வையில் கறுத்து இறுகிப்போயிருக்கிறது. பக்கிள் துளைகளில் ஒன்று மட்டும் நீண்டு கிழிந்திருக்கிறது. பாதத்தின் முன்பகுதியில் சைக்கிள் மிதி உராய்ந்த தழும்பு. அதைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த சுவரில் ஆங்கிலத்தில் அச்சான ஒரு தந்தி இருக்கிறது. அதற்குக் கீழே, கணவரை இழந்த அந்தப் பெண்மணி குடும்ப ஓய்வூதியத்தில் பெயர்த் திருத்தம் செய்வதற்காக ஏறி இறங்கிய அலுவலகங்களுக்கு எழுதிய மனுக்கள், தேதி வரிசையில், ஒரு கோப்பு முழுவதும். போர் முடிந்த பிறகு ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கோப்பைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

காலம் நெருக்கடியாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் சீன எல்லையில் நின்றவர்கள் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். 1971 போரில் மிக இளையவர்களாக இருந்தவர்களுக்கே எழுபதுக்கு மேல் ஆகிறது. அந்தப் போருக்காக வழங்கப்பட்ட பூர்வி ஸ்டாரும் சங்கிராம் பதக்கமும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். ஞாபகம் தெளிவாக இருக்கும் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு பிற்பகலில் கிடைப்பது, அவர் மறைந்த பிறகு எத்தனை ஆவணக் காப்பகத்தைத் தேடினாலும் கிடைக்காது. சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி என்று வட சென்னையிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வரலாற்று மாணவர்கள் தங்கள் திட்டப்பணியாக, ஆளுக்கு ஒரு முன்னாள் படைவீரரின் அனுபவத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து எழுதிக் கொடுத்தாலே பெரும் தொண்டாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இடம் என்று நான் கேட்பது பெரிதாக எதையும் அன்று. மாநகராட்சிக்குச் சொந்தமாக இப்பகுதியில் உள்ள பழைய கட்டடங்களில், பயன்பாட்டில் இல்லாத இரண்டு அறைகள் தரைத்தளத்தில் கிடைத்தால் போதும். தரைத்தளம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காட்சியகத்துக்கு வர வேண்டியவர்களில் முக்கியமானவர்கள் மூட்டுவலியோடும் ஊன்றுகோலோடும் வரும் முதியவர்கள். இப்போதுள்ள குறுகிய படிக்கட்டில் ஏற முடியாமல், கீழே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே தம் பொருளைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மாடிப் பூங்காவுக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் அமைந்தால், நகரின் மதிலையும் இந்தப் பொருள்களையும் மாணவர்கள் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இல்லையென்றால், 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் பழம்பெருமை வாய்ந்த கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்குவது பற்றி ரயில்வே நிர்வாகம் சிந்திக்கலாம். உரிமையைக் கேட்கவில்லை, எழுத்துப்பூர்வமான, குறைந்தது பத்தாண்டுகளுக்கான அனுமதியைக் கேட்கிறோம். மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் இப்போதுபோலவே முன்னாள் படைவீரர்கள் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து ஏற்றுக்கொள்வார்கள்.

பாதுகாப்பு முறைகளில் வழிகாட்டுதலும் தேவை. கடற்காற்றின் உப்பு பித்தளையைப் பச்சை பிடிக்கச் செய்கிறது. கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கிறது. பணிவிடுப்புச் சான்றிதழ்களை நல்லெண்ணத்தோடு லேமினேஷன் செய்துவிடுகிறார்கள், பிறகு அந்தத் தாளைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கிவருகிறது. நம் செப்புத் திருமேனிகளைக் காத்துத் தந்த அந்த ஆய்வகத்தின் அலுவலர் ஒருவர் ஒரு நாள் வந்து, பதக்கத்தை எப்படித் துடைப்பது, கடிதத்தை எந்த உறையில் வைப்பது, சீருடையை எப்படி மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தால், பட்டாளத்தில் எதையும் ஒழுங்காகச் செய்யப் பழகிய எங்கள் ஆட்கள் அதை வரி பிசகாமல் கடைப்பிடிப்பார்கள்.

தங்கள் வாசகர்களிலும் படைவீரர் குடும்பத்தினர் பலர் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்ட வேண்டாம். புகைப்படத்தின் பின்புறம், யார் யார் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்தவர் இருக்கும்போதே பென்சிலால் எழுதிவையுங்கள். பரணில் பழைய குண்டு, தோட்டா, வெடிபொருள் போன்ற ஏதேனும் கிடைத்தால் தொடாமல் காவல்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவற்றைக் காட்சியகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது என்பதால், முதல் உலகப் போர்ப் பதக்கங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்றுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வரும் தை மாத முடிவுக்குள் அறைகளைக் காலி செய்து கொடுப்பதாக நிர்வாகிகள் வீட்டு உரிமையாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் மாநகராட்சியோ, மாவட்ட நிர்வாகமோ, முன்னாள் படைவீரர் நலத்துறையோ அதிகாரி ஒருவரை அனுப்பிப் பொருள்களையும் பதிவேட்டையும் நேரில் பார்வையிடச் செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நிலையான இடம் கிடைக்கும்வரை சில மாதங்களுக்குப் பெட்டிகளை மழை படாமல் வைக்க ஒரு பள்ளியோ, ஆலயமோ, சங்கமோ பூட்டக்கூடிய அறை ஒன்றைக் கொடுக்க முன்வந்தாலும் போதும். கண்ணாடி அலமாரிகளையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கி அடுக்கும் வேலையை முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள். பொருள்களின் பட்டியலை மூன்று பிரதிகளாக எழுதி முடித்துவிட்டேன், பார்வையிட வரும் அதிகாரியிடம் ஒன்றை அன்றைக்கே ஒப்படைக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்றாசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.